சொந்த மண்ணுக்கு ஏற்ற பிட்ச் போடுவது ஏமாற்று வேலையா?

கேள்வி: வெளிநாட்டு அணிகள் இந்தியா வந்தால் பிட்ச் சரியில்லை என்றே ஏன் சொல்கின்றன? நமக்குச் சாதகமாக பிட்ச் போடுவது நியாயம்தானா?

நியாயம்தான், ஓர் அளவு வரைக்கும். அந்த அளவு எங்கே முடிகிறது என்பதில்தான் சண்டை எல்லாம்.

2025 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் தென்னாப்பிரிக்காவிடம் நாம் தோற்ற பிறகு நண்பர்களோடு வாக்குவாதம் பண்ணிவிட்டு வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் அப்பா கோவைப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் 20 வருடத்துக்கு மேல் பிட்சைப் போட்டுப் பராமரிக்கும் கிரவுண்ட்ஸ்மேனாக இருந்தவர். பிட்ச் என்ற வார்த்தை காதில் விழுந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. பதில் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் குறை சொல்பவர்கள் பக்கம். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்டில் ஜோ ரூட் 218 அடித்தார், இங்கிலாந்து 227 ரன்னில் ஜெயித்தது. பிட்சைப் பற்றி அவர்கள் பக்கம் மூச்சு இல்லை. அதே மைதானத்தில் சில நாள் கழித்து இரண்டாவது டெஸ்டில் 134, 164 என்று சுருண்டதும் இது டெஸ்ட் பிட்சே இல்லை என்று அவர்கள் பக்கம் பலர் சொல்லக் கிளம்பிவிட்டார்கள். அதே பிட்சில் ரோஹித் 161 அடித்தார். நம்ம ஊர் அஸ்வின் இரண்டாவது இன்னிங்ஸில் 106 அடித்தார். 2023 நாக்பூரும் அப்படித்தான். ஆட்டம் தொடங்கும் முன்பே, தங்கள் இடது கை பேட்ஸ்மேன்களைக் குறிவைத்து ஒரு பக்கம் மட்டும் காயவிட்டிருக்கிறார்கள் என்று ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் எழுதின. அவர்கள் 177, 91. நாம் அதே மண்ணில் 400.

2024 ஜனவரியில் கேப் டவுன் டெஸ்ட் 642 பந்தில் முடிந்தது. முடிவு தெரிந்த டெஸ்டுகளில் அதுதான் மிகக் குறுகியது. தென்னாப்பிரிக்கா 55க்கு ஆல் அவுட், சிராஜுக்கு 6 விக்கெட். நாமும் 153 ரன்னில் நின்று, ஒரு ரன்கூடச் சேர்க்காமல் கடைசி 6 விக்கெட்டைக் கொடுத்தோம். இப்படிப்பட்ட பிட்சில் ஆட எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் இந்தியா வரும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்ற பொருளில் அப்போது நம் கேப்டனாக இருந்த ரோஹித் சொன்னார். அன்றைக்கு அவர் என் மனதில் இருந்ததைச் சொன்ன மாதிரி இருந்தது.

இதைப் படித்துவிட்டு நான் தேசபக்தி பேசுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வேக பிட்ச் என்றால் எப்போதும் தப்பித்துவிடுகிறது என்பதும் உண்மையில்லை. அந்த கேப் டவுன் பிட்சுக்கு சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி ‘திருப்தியில்லை’ என்றுதான் மதிப்பெண் போட்டது. 2025இல் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் மோதிய ஆஷஸ் தொடரில் பெர்த் டெஸ்ட் இரண்டே நாளில் முடிந்தும் ‘மிக நன்று’ வாங்கியது. அதே தொடரில் மெல்போர்னும் இரண்டே நாளில் முடிந்தது, அதற்குக் கிடைத்தது ‘திருப்தியில்லை’. ஆகவே எத்தனை நாளில் முடிந்தது என்பதை வைத்து ஒரு பிட்சை எடை போட முடியாது.

அப்பாவின் கணக்கு வேறு. “பந்து திரும்பட்டும், எகிறட்டும், அது மண்ணோட குணம். ஆனா ஒரே இடத்துல விழுற ரெண்டு பந்துல ஒண்ணு முட்டிக்கும் ஒண்ணு மூஞ்சிக்கும் வந்தா அது பிட்ச் இல்ல” என்பார். செம்மண்ணில் பந்து கொஞ்சம் எழும்பி வரும். கரிசலில் தாழ்ந்து, மெதுவாக வரும். களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். மண்ணைப் பிடித்து வைத்திருப்பது புல்லின் வேர். ஈரம் பதமாக இருக்கும்போது ரோலர் ஓட்டினால் மண் இறுகும். காய்ந்தபின் ஓட்டினால் பொடியும். எத்தனை நாள் முன்னால் தண்ணீரை நிறுத்துவது என்பதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது.

இப்போது என் கதை. 1997, நான் எட்டாம் வகுப்பு. எங்கள் மைதானத்தில் உள்ளூர் லீக் இறுதி ஆட்டம், சனி, ஞாயிறு இரண்டு நாள். எங்கள் அணியில் நல்ல ஸ்பின்னர்கள் இரண்டு பேர். வருகிற அணியில் வேகப்பந்து. திங்கட்கிழமை சாயந்திரம் எங்கள் கேப்டன் வந்து அப்பாவிடம், “அண்ணா, இன்னைலருந்து தண்ணி விடாதீங்க. புல்லையும் சுத்தமா வழிச்சிருங்க” என்றார். அப்பா, “வேண்டாங்க தம்பி. மண்ணு தாங்காது, வியாழக்கெழம வரைக்கும் நனச்சே ஆவணுமுங்க” என்றார். கேப்டன் கேட்கவில்லை. மறுநாள் கல்லூரியிலிருந்தே ஆள் வந்து அதையே சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் அப்பா என்ன செய்வார்? சம்பளம் கொடுக்கும் இடம்.

வியாழக்கிழமை விடிகாலையில் அப்பாவோடு ரோலர் இழுக்கப் போனேன். பிட்சில் விரிசல் விட்டிருந்தது. ஒரு ரூபாய்க் காசைச் செங்குத்தாக வைத்தால் உள்ளே நிற்கும். அப்பா குனிந்து அதைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. ரோலரைத் திருப்பிக் கொண்டுபோய் ஷெட்டில் நிறுத்திவிட்டார். ஓட்டியிருந்தால் இன்னும் உடைந்திருக்கும்.

சனிக்கிழமை டாஸ் போட்டோம், தோற்றோம். எதிரணி முதலில் ஆடி 148. டீக்கு முன்னாலேயே ஒவ்வொரு பந்துக்கும் புழுதி பறந்தது. அதில் ஒரு பந்து எகிறி அவர்கள் பேட்ஸ்மேன் ஒருவருக்குத் தாடையில் பட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட வேண்டியதாயிற்று. எங்கள் ஆட்கள் மட்டும் ஆடிவிட்டார்களா? 71க்கு ஆல் அவுட். எப்போதாவது இரண்டு ஓவர் போடும் அவர்களுடைய ஆஃப் ஸ்பின்னர் 6 விக்கெட் எடுத்தார். ஞாயிறு மதியத்துக்கெல்லாம் ஆட்டம் முடிந்து எங்கள் அணி தோற்றுப்போனது.

எதிரணி மேனேஜர் அம்பயர்களிடம் புகார் சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அவர் பையனுக்கு ரத்தம் வந்திருக்கிறது. போட்டி நடத்தியவர்கள் அப்பாவை பிட்சுக்கு நடுவில் கூப்பிட்டு நிறுத்தி, எல்லாரும் பார்க்க, “இது பிட்சா, உழவு ஓட்டின காடா?” என்று கேட்டார்கள். அப்பா கேப்டனைப் பார்த்தார். கேப்டன் குனிந்து பேடைக் கழற்றிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. அப்பா “தப்புதானுங்க” என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் அவரைத் தோட்ட வேலைக்கு மாற்றினார்கள். இரண்டு வருடம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

அதனால்தான் சொல்கிறேன், அளவு மீறி பிட்சைக் கெடுத்தால் வந்தவனைவிட வீட்டுக்காரன்தான் சீக்கிரம் விழுவான். மண்ணில் இருக்கிற திருப்பம் நல்ல ஸ்பின்னருக்கும் சுமாரான ஸ்பின்னருக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். புழுதியாகிவிட்டால் அந்த வித்தியாசமே போய்விடும். 2017 புனேயில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஓ’கீஃப் இரண்டு இன்னிங்ஸிலும் 35 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார், நாம் 105, 107. அஸ்வினும் ஜடேஜாவும் நம் பக்கம் இருந்தும் 333 ரன்னில் தோற்றோம். 2023 இந்தூரில் 109, 163, தோல்வி. அந்த பிட்சுக்கு முதலில் ‘மோசம்’ என்று 3 அபராதப் புள்ளி, இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ மேல்முறையீடு செய்தபிறகு ‘சராசரிக்குக் கீழ்’ என்று ஒரே புள்ளி ஆனது. 2024இல் நியூசிலாந்து வந்து 3-0 என்று வாரிக்கொண்டு போனது. அதில் பெங்களூரில் நாம் 46க்கு விழுந்தது காற்றில் வளையும் வேகப்பந்தில், அதைச் சுழல் கணக்கில் சேர்க்கவில்லை. சுழலில் விழுந்த புனேயும் மும்பையும்தான் என் கணக்கு.

ஈடனில் 124 அடித்தால் வெற்றி, நாம் 93. கழுத்து வலியால் நம் கேப்டன் கில் ஆட முடியவில்லை என்பது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் மொத்த ஆட்டத்திலும் ஒரே ஒரு அரைசதம்தான், அதுவும் தென்னாப்பிரிக்க கேப்டன் பவுமா அடித்தது. ஆட்டம் முடிந்து நம் பயிற்சியாளர் கம்பீர் பேசும்போது, நாங்கள் கேட்ட பிட்ச்தான் இது, பிட்ச் போட்டவர் எங்களுக்கு நன்றாக ஒத்துழைத்தார் என்றார். எல்லாரும் அவரைத் திட்டினார்கள். கேட்டது தப்பு என்று திட்டலாம், நானும் திட்டுவேன். ஆனால் கேட்டவன் நான்தான் என்று எல்லார் முன்னாலும் ஒருவர் சொன்னதை அன்றுதான் பார்த்தேன். எங்கள் கேப்டன் 28 வருடத்துக்கு முன்னால் சொல்லாதது அது.

எனக்கு உண்மையான கோபம் வேறு ஒன்றில் இருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அந்த மைதானத்தை ஒரு பொருட்காட்சிக்கு வாடகைக்கு விட்டார்கள். குளத்துக் களியைச் சலித்துக் கொட்டி, வருடக்கணக்கில் இறுக்கிய இடத்தில் கடப்பாரை போட்டுக் குழி தோண்டி, பந்தல் கால் நட்டார்கள். ராட்டினம் சரியாக பிட்ச் மேல் நின்றது. பொருட்காட்சி முடிந்து பார்த்தால் களிக்குள் ஜல்லியும் ஆணியும். பக்கத்துப் பையன்கள் இன்றைக்கு அங்கே சிமெண்ட் தளத்தில் மேட் விரித்து ஆடுகிறார்கள். டிவியில் பிட்சைப் பற்றி ஐந்து நாள் விவாதம் பண்ணுகிறோம். நம் ஊரில் நல்ல மண் பிட்ச் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று யாராவது ஒரு நாள் கேட்டதுண்டா?

சரி, கேள்விக்கு வருகிறேன். வருகிற அணி குறை சொன்னால் உடனே கோபப்படாதீர்கள். இரண்டு விஷயம் பாருங்கள். முதல் நாளே மண் பெயர்கிறதா? ஒரே இடத்தில் விழும் பந்து ஒரே உயரத்துக்கு வருகிறதா? வருகிறது என்றால் தைரியமாக நம் பக்கம் வாதாடுங்கள். 2024 செப்டம்பரில் பங்களாதேஷுக்கு எதிராக சேப்பாக்கத்தில் செம்மண் பிட்ச் போட்டார்களே, அது போல. முதல் நாள் வேகத்துக்கு உதவியது, அஸ்வின் அதில் 113 அடித்தார், பின்னால் சுழலில் 6 விக்கெட்டும் எடுத்தார். அந்த டெஸ்டை அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் நாள் கேமரா பிட்சைக் கிட்டே காட்டியபோது, “வேரு இன்னும் புடிச்சிருக்கு கண்ணு” என்றார்.