லின்ச்-பாஜ் 2010: இரும்பு வாடைக்குக் காரணம் மீன்தான்

வணக்கம் நண்பரே. சுட்ட மத்தி மீனோடு லின்ச்-பாஜ் 2010 சிவப்பு ஒயினைக் குடித்ததும் இரும்பை நக்கியது போல இருந்தது, பாட்டில் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கெடவில்லை. சிவப்பு ஒயினில் உள்ள சிறிதளவு இரும்புச்சத்து, மீன் எண்ணெயோடு சேரும்போது அந்த வாடை கிளம்புகிறது. மத்தி, அயிலை போன்ற எண்ணெய் மீன்களில் ரொம்பவே தெரியும்.

லின்ச்-பாஜ், பிரான்சின் போர்தோ பகுதியில் போயாக் ஊரிலுள்ள திராட்சைத் தோட்டம். போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்த 1855 பட்டியலில் ஐந்தாம் தரம். கேபர்னே சோவிஞ்ஞோன் திராட்சைதான் பெரும்பங்கு. அதனால் துவர்ப்பு அதிகம். அதை அடக்க இறைச்சியின் புரதமும் கொழுப்பும் வேண்டும்.

மீதமுள்ள பாட்டிலுக்கு ஆட்டுக்குட்டித் தொடை வாங்குங்கள். போயாக்கின் பெயர்பெற்ற இறைச்சியே அதுதான். பூண்டு, ரோஸ்மேரி, உப்பு போதும். உள்வெப்பம் 57 டிகிரி வந்ததும் ஓவன் அடுப்பிலிருந்து எடுத்து, 15 நிமிடம் ஆறவிட்டு நறுக்குங்கள். பச்சை மிளகாய் வேண்டாம். ஆல்கஹால் காரத்தைத் தூக்கிவிடும். புதினாச் சட்னியின் புளிப்பும் ஒயினைத் தட்டையாக்கும்.

பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் இறங்கட்டும். கழுத்துக்குப் பின்னால் டார்ச் வெளிச்சம் வைத்து, நிறுத்தாமல் மெதுவாக வேறு குடுவைக்கு ஊற்றுங்கள். கழுத்தில் கறுப்புக் கோடு தெரிந்த நொடியே நிறுத்திவிடுங்கள். நடுவில் பாட்டிலை நிமிர்த்தினால் மண்டி கலங்கிவிடும், செய்ததெல்லாம் வீண். ஒரு மணி நேரம் கழித்து, 17 டிகிரியில் பரிமாறுங்கள். அறை சூடாக இருந்தால் குடுவையை 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

சீஸ் வேண்டுமென்றால் கோம்தே என்ற பிரெஞ்சுக் கடின சீஸ், முதிர்ந்ததாக. ராக்ஃபோர் என்ற நீலப் பூஞ்சை சீஸ் வேண்டாம்.