ஆல்பர்க் 30: சாய்வும் சுக்கான் இழுப்பும் குறித்து

வணக்கம். 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்) வேகக் காற்றிலேயே உங்கள் ஆல்பர்க் 30 பாய்மரப் படகு சட்டென்று சாய்கிறது, சுக்கான் பிடி கை வலிக்க இழுக்கிறது, படகில் கோளாறோ என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் கோளாறு இல்லை. கார்ல் ஆல்பர்க் வரைந்து 1962 முதல் கனடாவில் கட்டப்பட்ட இந்த ஃபைபர் கிளாஸ் படகின் அகலம் 9 அடிக்கும் குறைவு என்பதால் தொடக்கத்தில் எளிதில் சாயும். ஆனால் சாயச்சாய, நீருக்கு மேலே நீண்டிருக்கும் முன்பின் முனைகள் நீரில் படிந்து நீர்க்கோட்டை நீட்ட, படகின் அடியிலுள்ள கனமான அடிப்பாரமும் இழுத்துப் பிடிக்க, ஒரு நிலைக்குப் பின் அது உறுதியாக நின்றுகொள்ளும். அந்த உறுதிதான் இந்தப் படகின் அழகு.

இழுப்புக்குக் காரணம் பெரும்பாலும் பாய்மரத்துக்குப் பின்னால் உள்ள பெரிய பாய்தான்; அது படகைக் காற்றை நோக்கித் திருப்ப முயல்கிறது. முன்பாயை முதலில் சுருக்கினால் படகு காற்றை நோக்கித் திரும்ப முயல்வது இன்னும் அதிகமாகும். ஆகவே பெரிய பாயின் பரப்பைக் குறைக்கும் முதல் மடிப்பை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். வேகம் அதிகம் குறையாமலே பிடி இளகிவிடும்.

ஒன்றை மட்டும் அவசியம் சோதியுங்கள். பாய்மரம் மேல்தளத்தில் நிற்பதால், அதைக் கீழிருந்து தாங்கும் உத்தரம் நாளடைவில் தொய்யக்கூடும். முன்னறைக் கதவு மேல்விளிம்பில் உராய்ந்தால் உத்தரத்தில் விரிசல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.