பேழை செய்தவர்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். நூற்பு இயந்திரத்துக்காகப் பள்ளியில் படித்த ரிச்சர்ட் ஆர்க்ரைட் பெயர் மறுபடி கண்ணில் பட்டது. ‘ஆர்க்’ என்றால் நோவாவின் கப்பல்தானே? அவர் முன்னோர் கப்பல் கட்டியவர்களா? ‘ரைட்’ என்றால் எழுதுகிறவரா? அந்தக் குடும்பப் பெயருக்கென்று ஒரு சின்னம்கூட இணையத்தில் விற்கிறார்கள்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

கப்பல் இல்லை, பெட்டி. தமிழ் பைபிளில் கடவுள் நோவாவிடம் ‘பேழை’ செய்யத்தான் சொல்கிறார். பேழை என்றால் பெட்டி. ஆங்கில ‘ஆர்க்’கும் லத்தீன் ‘ஆர்க்கா’வழி வந்த பெட்டிதான். ஞாயிறு பள்ளிப் படங்களைப் பார்த்துப் பார்த்து நமக்கு அது கப்பலாகிவிட்டது.

வட இங்கிலாந்தில், குறிப்பாக லங்காஷயர் பக்கம், வீட்டில் மாவு கொட்டிவைக்கும் பெரிய மரப்பெட்டிக்கு ஆர்க் என்று பெயர். நம் வீட்டுக் குதிர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓக் மரத்தைப் பிளந்து பலகையாக்கி, ஆணிக்குப் பதில் மரமுளை அடித்து இறுக்குவார்கள். மூடி கூரைபோல மேடாக இருக்கும். அதைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டால் மாவு பிசையும் தொட்டி.

‘ரைட்’டுக்கும் எழுத்துக்கும் சம்பந்தமில்லை. செய்கிறவர், கைவினைஞர் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் அது. வண்டி செய்தவர் கார்ட்ரைட், சக்கரம் செய்தவர் வீல்ரைட். தொழிலைச் சொல்லி ஆளை அடையாளம் காட்டிய பெயர், 14ஆம் நூற்றாண்டு வாக்கில் மகன், பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. கொல்லன் எல்லா ஊரிலும் இருந்தான், அதனால் ஸ்மித்துகள் ஏராளம். ஆர்க் என்ற சொல்லோ வடக்கு வட்டார வழக்கு. ஆர்க்ரைட்டுகள் குறைவாக இருப்பது அதனால்தான்.

உங்கள் ஆர்க்ரைட் (1732–1792) பெட்டி எதுவும் செய்யவில்லை. பிரெஸ்டனில் பிறந்தவர், தொழில் முடிதிருத்துவது. டோப்பா செய்ய ஊர் ஊராகத் தலைமுடி வாங்கித் திரிந்தார். விசைத்தறிக்கு 1785இல் காப்புரிமை வாங்கிய எட்மண்ட் கார்ட்ரைட்டும் வண்டி செய்தவரில்லை, பாதிரியார். பெட்டிக்காரர் பெயரில் நூற்பு, வண்டிக்காரர் பெயரில் நெசவு!

சின்னத்துக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். இங்கிலாந்தில் குலச்சின்னம் ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான், பெயருக்கு இல்லை. ஒரே பெயர் என்பதற்காக எல்லோரும் அதை மாட்டிக்கொள்ள முடியாது.

அடுத்த ஷிப்டில் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமைக் கவனியுங்கள். பின் ஜோடி ரோலர் மெதுவாகவும் முன் ஜோடி வேகமாகவும் சுற்றிப் பஞ்சை இழுக்கிறதல்லவா? ஆர்க்ரைட் 1769இல் காப்புரிமை வாங்கிய இயந்திரத்தின் உயிர் அதுதான். 1771இல் இங்கிலாந்தின் குரோம்ஃபோர்டில் ஆலை தொடங்கி, நீர்விசையை வைத்து அதை ஓட்டினார். ஆனால் ரோலர் யோசனை, லூயிஸ் பால் என்பவர் 1738இலேயே காப்புரிமை பெற்றது. ஆர்க்ரைட் 1775இல் வாங்கிய இன்னொரு காப்புரிமையை 1785இல் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த வருடமே அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது.