7 மி.மீ. முடிச்சு, 6 மாதக் காத்திருப்பு

கேள்வி: எனக்கு 52 வயது, சிகரெட் பழக்கம் கிடையாது. விடாத இருமலுக்காக சி.டி. ஸ்கேன் எடுத்ததில், நுரையீரலில் 7 மி.மீ. அளவில் திடமான ‘நாட்யூல்’ (சின்ன முடிச்சு) ஒன்று இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. டாக்டர் மருந்தே தராமல், 6 மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம் என்கிறார். புற்றுநோயாக இருந்தால் அதற்குள் முற்றிவிடாதா? தூக்கமே வரவில்லை.

பதில்: தூக்கம் போனதில் ஆச்சரியமில்லை, ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் உங்கள் டாக்டர் சொன்னது சரி. இந்த அளவில் தற்செயலாகத் தெரியும் முடிச்சுகளில் பெரும்பாலானவை பழைய தொற்று விட்டுப்போன தழும்பாகவோ சின்ன நிணநீர்க் கணுவாகவோதான் இருக்கும். ஒரே ஸ்கேனை வைத்து அதை அடித்துச் சொல்ல முடியாது. ஊசி போட்டுச் சதை எடுக்கலாம் என்றால் இவ்வளவு சின்னதைக் குறிபார்ப்பது கஷ்டம், நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசியும் ஆபத்து வேறு. 8 மி.மீ.க்குக் கீழே பெட் ஸ்கேனையும் (திசு எவ்வளவு சர்க்கரையை இழுக்கிறது என்று காட்டும் ஸ்கேன்) நம்ப முடியாது.

மிச்சம் இருப்பது, வளர்கிறதா என்று பார்ப்பதுதான். திடமான புற்றுக்கட்டி பெரும்பாலும் 100 முதல் 400 நாளில் கன அளவில் இரட்டிப்பாகும். கன அளவு இரட்டிப்பானாலும் குறுக்களவில் உங்கள் 7 மி.மீ., கிட்டத்தட்ட 9 ஆகும், அவ்வளவுதான். ஆக, வேகமாக வளர்கிற கட்டிகூட ஒரே மாதத்தில் அரை மி.மீ. தான் கூடியிருக்கும், அது அளப்பதில் வரும் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். சீக்கிரம் எடுத்தால் பதில் கிடைக்காது, குழப்பம்தான் கிடைக்கும்.

6 முதல் 12 மாதத்துக்குள் ஒரு ஸ்கேன், தேவைப்பட்டால் 18 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. இரண்டு வருடம் வளராமல் இருந்தால் பொதுவாக விட்டுவிடலாம். (பனி படர்ந்த கண்ணாடி போல மங்கலாகத் தெரியும் வகை என்றால் 5 வருடம் வரை பார்ப்போம், அது மெதுவாக வளரும்.) முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்கும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அப்படி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அடுத்த முறை போகும்போது ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் பழைய ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கையும் எடுத்துப்போங்கள், படத்தோடு படத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். குறைந்த கதிர்வீச்சு அளவில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இடையில் சளியில் ரத்தம் வந்தாலோ காரணமில்லாமல் எடை குறைந்தாலோ 6 மாதம் காத்திருக்காதீர்கள், உடனே போங்கள்.

அப்புறம் அந்த இருமல். 7 மி.மீ. முடிச்சால் இருமல் வருவது அரிது. அதற்கு வேறு காரணம் இருக்கும், அதைத் தனியாகக் காட்டி வைத்தியம் பாருங்கள்.