பாலிமர் களிமண் கைவேலையில் உங்களுக்கு எப்படி ஆர்வம் வந்தது? புதிதாகத் தொடங்குபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு முட்டைத் துண்டில் வந்தது.

நான் இருப்பது மியான்மரின் யாங்கோனில். அக்கா மகளுக்குப் பள்ளியில் ஏதாவது ஒரு சாப்பாட்டைப் பொம்மையாகச் செய்துவரச் சொல்லியிருந்தார்கள். சரி, மொஹிங்கா (மீன் குழம்பில் அரிசிச் சேமியா போட்டு, மேலே அவித்த முட்டை வைக்கும் பர்மியச் சாப்பாடு) செய்யலாம் என்று சில நிறங்களில் களிமண் கட்டி வாங்கினேன். மஞ்சளைத் திரி போல உருட்டி, வெள்ளையைத் தகடாகத் தட்டி அதன்மேல் சுற்றி, மெதுவாக உருட்டிக்கொண்டே நீட்டினால் உள்ளே இருக்கும் மஞ்சளும் கூடவே மெலிந்துகொண்டு வருகிறது. பென்சிலைவிட மெல்லிசாக வந்ததும் பிளேடால் ஒரு துண்டு வெட்டினேன். அவித்த முட்டை! அடுத்த துண்டும் முட்டை, அதற்கடுத்ததும். கிண்ணத்துக்குத் தேவை இரண்டுதான், நான் பாதி ராத்திரி வரை வெட்டிக்கொண்டே இருந்தேன். அன்றிலிருந்து விடவில்லை.

பெயர்தான் களிமண், உண்மையில் இது பிவிசி பிளாஸ்டிக்கோடு அதை இளக்கி வைக்கும் பொருளைக் கலந்தது. காற்றில் காயாது, சூட்டில்தான் இறுகும். வளைத்தால் வெடிக்காத பதம் வரும்வரை சப்பாத்தி மாவு மாதிரி நன்றாகப் பிசைய வேண்டும். மொஹிங்காவின் சேமியாவுக்கு இடியாப்ப உரல் போலவே விரல் பருமனில் ஒரு அச்சு கிடைக்கிறது, அதில் போட்டுப் பிழியலாம். சித்திரை வெயிலில் கட்டி குழைந்துபோய், வெட்டும்போது முட்டை நசுங்கும். கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து வெட்டுங்கள்.

கவனம் வேண்டியது சூட்டில்தான். ஃபிமோ, ஸ்கல்பி இரண்டும் இந்தக் களிமண்ணின் பிராண்டுகள். ஃபிமோ பாக்கெட்டில் 110 டிகிரி, 30 நிமிடம் என்று இருக்கும், ஸ்கல்பிக்கு 130 டிகிரி, 6 மில்லிமீட்டர் கனத்துக்கு 15 நிமிடம். ஆனால் ஓவன் திருகு காட்டுவதை நம்பாதீர்கள். என் முதல் கிண்ணம் திருகு 130-ல் இருக்கும்போதே கருகி, கண் எரிகிற நெடி வந்து சன்னல் எல்லாம் திறக்க வேண்டியதாயிற்று (பிவிசி கருகினால் வருவது அமிலப் புகை, விளையாட்டில்லை). ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் வாங்கிப் பார்த்தபோது 160-ஐத் தாண்டி நின்றது. இப்போது ஒரு டைல்ஸ் மேல் பொம்மையை வைத்து, மேலே அலுமினியத் தாளைக் கூடாரமாக மூடி வேகவைக்கிறேன். களிமண் பட்ட கத்தியும் தட்டும் திரும்ப அடுப்படிக்குப் போகக் கூடாது.

எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, அதனால் ஆரம்பத்தில் ரொம்பப் பயந்தேன். பாதியில் நின்றுபோனால் தூக்கிப் போடாதீர்கள், கரண்ட் வந்ததும் மறுபடி முழு நேரமும் வைக்கலாம், ஒன்றும் ஆகாது. எத்தனையோ முறை செய்திருக்கிறேன்.

அந்தக் கிண்ணத்தை இரண்டாவது தடவை செய்து முடித்ததும் அம்மாவிடம் காட்டினேன். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பேஜோ எங்கடி? மொறுமொறுன்னு மேல இருக்கணுமே" என்றார். மொஹிங்கா மேல் போடும் பருப்புப் பொரிப்பு அது. அன்றைக்கே உட்கார்ந்து அதையும் செய்தேன்.