சிகிச்சை முடிந்துவிட்டது, அம்மாவின் பயம் முடியவில்லை

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: "அம்மாவுக்கு 46 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு சிகிச்சை) எல்லாம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது. நோய் திரும்பாமல் இருக்க டாமோக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் செக்கப் நெருங்கினாலே தூக்கமும் சாப்பாடும் போய்விடுகிறது. தினமும் மார்பைத் தடவித் தடவிப் பார்க்கிறார். விசேஷம் எதற்கும் வருவதில்லை. அப்பாவோ, 'அழுதா நோவு திரும்பி வந்துரும்' என்று அதட்டுகிறார். என்ன செய்வது?"

முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள்: அழுகையால் புற்றுநோய் திரும்பும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. 1977இல் நியூயார்க்கில் புற்றுநோய் மருத்துவமனைக்குள்ளேயே மனநலப் பிரிவு தொடங்கிய டாக்டர் ஜிம்மி ஹாலண்ட், 'நல்லதையே நினை' என்று நோயாளியை நெருக்குவதைக் கொடுங்கோன்மை என்றே சொன்னார். அதட்டினால் அம்மா அழுவதை நிறுத்தமாட்டார், மாட்டுக்கொட்டகையில் தனியாகப் போய் அழுவார். அவ்வளவுதான் வித்தியாசம்.

சிகிச்சை முடிந்த பிறகு பயம் கூடுவது மிகவும் சகஜம். கீமோ நாட்களில் அடுத்த தேதி, அடுத்த ஊசி என்று ஓடிக்கொண்டே இருந்திருப்பார், டாக்டரும் நர்ஸும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வீட்டில் உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறது.

தடவிப் பார்ப்பதை மட்டும் சும்மா விடாதீர்கள். ஒவ்வொரு முறை தொட்டுப் பார்க்கும்போதும் கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் முன்னைவிடப் பெரிய சந்தேகம். ஆபரேஷன் தழும்பும் கரண்ட் வைத்த இடமும் இயல்பாகவே கெட்டியாக இருக்கும், அழுத்த அழுத்த வலிக்கவும் செய்யும். அடுத்த செக்கப்பில் டாக்டரிடமோ நர்ஸிடமோ, "இதில் தழும்பு எது, எது வந்தால் உங்களைப் பார்க்க வேண்டும்?" என்று அம்மாவின் கையை வைத்தே காட்டச் சொல்லுங்கள். பிறகு மாதத்தில் ஒரு நாள் மட்டும் பார்த்தால் போதும். புதிய கட்டி, மூச்சுத் திணறல், இரண்டு வாரம் தாண்டியும் விடாத வலி இருந்தால் தேதி வரை காத்திருக்காமல் போய்விடுங்கள்.

"ஒண்ணும் ஆகாதும்மா" என்று தினமும் சொல்வதும் இதே கதைதான், சொன்ன அரை மணியில் கரைந்துவிடும். சாயங்காலம் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்த பிறகு இருபது நிமிடம் ஒதுக்கி, "இப்ப என்ன பயமா இருக்கு?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். மற்ற நேரத்தில் பயம் வந்தால், "சாயங்காலம் பேசிக்கலாம்மா" என்று தள்ளிப்போடப் பழக்குங்கள். முதல் வாரம் எடுபடாது, விடாமல் செய்யுங்கள்.

விசேஷத்துக்கு வராததற்குப் பாதிக் காரணம் உறவுக்காரர்கள்தான் என்று நினைக்கிறேன். ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, இதே நோயில் போய்ச்சேர்ந்தவர் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நீங்களே முந்திக்கொண்டு, "அத்தை, நோவைப் பத்திக் கேக்காதீங்க, தடப்பள்ளி வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சான்னு பேசுங்க" என்று சொல்லிவிடுங்கள். எடுத்ததும் கல்யாண மண்டபம் வேண்டாம், பங்காளி வீட்டுச் சின்ன விசேஷத்தில் அரை மணி நேரம் போதும். தோட்டத்து வேலையையும் மெல்லத் தொடங்கலாம். அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால், அந்தக் கையால் எவ்வளவு கனம் தூக்கலாம், பால் கறக்கலாமா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செக்கப் விஷயம். முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் இடைவெளி கூடும். இதை அம்மாவுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். யாரோ சொன்னார்கள் என்று அறிகுறி இல்லாமல் உடம்பு முழுக்கப் பார்க்கும் பெட் ஸ்கேன் எடுக்கக் கிளம்பாதீர்கள். வருடம் ஒருமுறை மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) டாக்டரின் பரிசோதனையும் போதும்.

இனி, எப்போது நிபுணரிடம் போவது? கடந்த ஒரு வாரத்து மன உளைச்சலுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள், புற்றுநோய் மருத்துவமனைகளில் பயன்படும் முறைதான் இது. 4 அல்லது அதற்கு மேல் என்றால் புற்றுநோய் டாக்டரிடமே சொல்லி மனநல ஆலோசனை கேளுங்கள். பெருந்துறை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. "இருந்து என்ன பண்ண" என்பது போன்ற பேச்சு வந்தால் அன்றே கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

மனநல டாக்டரிடம் டாமோக்ஸிஃபென் சீட்டை மறக்காமல் காட்டுங்கள். ஃபுளூஆக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்ற சில மனச்சோர்வு மாத்திரைகள் அதன் வேலையைக் குறைக்கக்கூடியவை, வேறு மாத்திரை எழுதித் தருவார்கள். இரவில் உடம்பு தகதகவென்று எரிந்து வியர்த்து விழிப்பு வருகிறதா என்றும் அம்மாவிடம் கேளுங்கள். அது பயமாக இல்லாமல் டாமோக்ஸிஃபெனின் பக்கவிளைவாகவும் இருக்கலாம், அதற்குத் தனி வைத்தியம் உண்டு. அதற்காக டாமோக்ஸிஃபெனை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.