வாசகர் கேள்வி – பதில்: முகவீணைக்காரருக்கு ஊர் செய்யும் மரியாதை

கேள்வி: எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாவில் நாற்பது ஆண்டுகளாகத் தெருக்கூத்துக்கு முகவீணை என்னும் சிறு ஊதுகுழல் வாசித்த பெரியவர் சென்ற மாதம் காலமாகிவிட்டார். இளைஞர்கள் பணம் திரட்டிப் படத்திறப்பு நடத்தவும், பேருந்து நிறுத்தத்தில் பெரிய பேனர் வைக்கவும் எண்ணியிருக்கிறோம். வரும் ஆண்டு முகவீணைக்குப் பதில் கீபோர்டு வைத்துக்கொள்ளலாம் என்றும் சிலர் கூறுகிறார்கள். அவருக்கு நாங்கள் செய்யத்தக்க மரியாதை எது?
— வாசகர் ஒருவர், நெல்லிக்குப்பம்

பதில்: உங்கள் ஊரின் துக்கத்தில் நானும் பங்குகொள்கிறேன். படத்திறப்பு அவசியம் நடக்கட்டும். ஊரார் கூடி அழ ஓர் இடம் வேண்டும். ஆனால் பேனருக்கான பணத்தை வேறு வேலைக்கு ஒதுக்கிவையுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கீபோர்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டுக்காரர் ஓர் அடியைப் பாடிவிட்டு மூச்சு வாங்கும் நேரத்தில், அந்த அடியைத் தான் வாங்கி வாசித்து, அவர் குரல் எங்கே தளர்கிறதோ அங்கே கைகொடுப்பது முகவீணை. அர்ச்சுனன் தபசு அன்று இதைக் கண்கூடாகக் காணலாம். வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே தபசு மரத்தில் படிப்படியாக ஏறுவார். அவர் மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் மடியேந்திக் காத்திருப்பார்கள். கடலூர்ப் பக்கத்துக் கூத்தொன்றில் நான் கண்ட முகவீணைக்காரர், கழுத்தை அண்ணாந்து, மரத்தில் இருப்பவரின் கால் அடுத்த படியைத் தொடும்வரை சுரத்தை விடாமல் பிடித்திருந்தார். கருவியின் வாயில் செருகி ஊதும் சீவாளிகளில் மாற்றுக்காக நூலில் கட்டித் தொங்கியவை அவர் மார்பில் ஆடிக்கொண்டிருந்தன. கீபோர்டும் சுரத்தை இழுத்து நிறுத்தும். குரலோடு சேர்ந்து நடுங்கவும் குழையவும் மூச்சுக் கருவியால்தான் முடியும்.

2016 சனவரியில் புதுச்சேரியில் மறைந்த நாட்டுப்புறப் பாடகரும் பேராசிரியருமான கே.ஏ.குணசேகரனின் குரல் ஒலிநாடாக்களில் பதிவானதால், அவரை நேரில் கண்டிராத பிள்ளைகளும் அவரைக் கேட்கிறார்கள். ஊர்க் கலைஞருக்கு அந்தப் பேறு எளிதில் வாய்ப்பதில்லை. ஆனால் உங்கள் ஊர்க் கைபேசிகளில் திருவிழாக் காணொளிகள் நிச்சயம் இருக்கும். பழைய கைபேசிகள் குப்பைக்குப் போகுமுன் வீடு வீடாகக் கேட்டு வாங்கி, இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். பெரியவருடைய ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், உடன் வாசித்த மிருதங்கக்காரரை உட்காரவைத்து அவற்றைக் காட்டி, இது கூத்துத் தொடங்குமுன் களரி கட்டும்போது வாசித்தது, இது வேடங்கள் திரைக்குப் பின்னிருந்து வரும் திரை வருகைக்கு, இது துரியோதனன் வதம் நடக்கும் படுகளத்து விடியலில் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கும் வயதாகியிருக்கும்; இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மற்றொன்று, பெரியவர் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் உறுப்பினராக இருந்தாரா என்று அடையாள அட்டையைத் தேடிப் பாருங்கள். உறுப்பினர் இயற்கையாக இறந்தாலும் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. சான்றிதழ்களுக்கு அலைய அவர் மனைவியோடு படித்த இளைஞர் ஒருவர் துணையாகச் செல்லட்டும்.

எஞ்சிய பணத்தில், ஆசையுள்ள ஒரு பிள்ளையைப் பக்கத்து ஊர் ஜமாவில் முகவீணை பழக அனுப்புங்கள். பெரியவரின் துணைவியார் மனமுவந்து கொடுத்தால், அவர் கருவியையே அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்கலாம். சீவாளியை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். பழையது அவர் வாய்க்குப் பழகியது, அது அந்த அம்மாவிடமே இருக்கட்டும்.